நாற்பது காலன் தண்ணீரும் மூன்று இரவுகளும்

வாசகர் கேள்வி – பதில்

யூட்டா மாநிலத்தின் கோப்ளின் வேலி மாநிலப் பூங்காவில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியில் மூன்று இரவுகள் தங்கியதைச் சென்ற இதழில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அங்குள்ள முகாம் தளங்களில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்றுக்கும் இணைப்பு கிடையாது என்று நான் எழுதிய ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்கள், அங்கே குள்ளர்கள்போல் நிற்கும் பாறைகளைப் பற்றி வந்த கடிதங்களைவிட அதிகம். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஏப்ரல் மாதம் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். நாங்கள் மூவர், அவர்கள் இருவர், ஆக ஐந்து பேர் 28 அடி நீளமுள்ள வாடகை ஆர்.வி.யில் அதே பூங்காவில் மூன்று இரவுகள் தங்க முன்பதிவு செய்துவிட்டோம். ஹூக்கப் (மின்சார, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு) இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் போதுமா?
– ஒரு வாசகி, டென்வர்

பதில்: போதும், ஆனால் வீட்டில் குழாயைத் திறப்பதுபோல் திறந்தால் இரண்டாம் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும். நீங்கள் சொல்லும் அளவுள்ள வண்டிகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 40 காலன், அதாவது ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். அதை ஐந்து பேருக்கும் மூன்று நாட்களுக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வருகிறது. குடிநீரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வறண்ட காற்றில் ஒருவருக்கு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் தேவைப்படும் என்பதால், ஐந்து காலன் கேன்கள் மூன்றைத் தனியாக வாங்கி வைத்துவிடுங்கள். குளியலுக்குப் பூங்காவின் பொதுக் குளியலறையில் வெந்நீர் கிடைக்கிறது. எஞ்சுவது சமையல், பாத்திரம், கைகால் கழுவுதல், கழிப்பறை ஆகியவை மட்டுமே. அவற்றுக்கு 10 லிட்டர் தாராளம் என்று சொல்லமாட்டேன், ஆனால் போதும்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது நல்ல தண்ணீரைப் பற்றியன்று. அது குறைந்தால் கேனில் தூக்கிவந்து ஊற்றிக்கொள்ளலாம். கழுவிய நீர் போய்ச் சேரும் கிரே தொட்டியும் கழிப்பறைக்குரிய பிளாக் தொட்டியும் நிரம்பினால்தான் தொல்லை, ஏனெனில் அவற்றைத் தூக்கிச் சென்று காலி செய்ய முடியாது. பரப்பிவைத்த பொருள்களையெல்லாம் அடைத்து, பக்கவாட்டில் நீட்டிய ஸ்லைடு-அவுட் என்னும் அறைப்பகுதியை உள்ளே இழுத்து, சக்கரத்துக்கடியில் வைத்த கட்டைகளை எடுத்து, வண்டியையே பூங்காவில் கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். கிரே தொட்டியின் அடைப்பானை இரவில் சற்றே திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூங்காவுக்குள் அது விதிமீறல். அதோடு, பக்கத்துத் தளத்துக் குழந்தைகள் விளையாடும் மண்ணில் நம் வீட்டுச் சாம்பாரை ஊற்றுவதற்குச் சமம்.

பாத்திரம் கழுவுவதில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அரிசி களைந்த கழுநீரை ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிடித்துவைத்தோம். சாப்பிட்டவுடன், குழம்பு காய்வதற்கு முன்பே, ஒவ்வொரு தட்டையும் காகிதத் துண்டால் வழித்துக் குப்பையில் போட்டோம். பிறகு எல்லாவற்றையும் கழுநீரில் ஒரு முறை தேய்த்து எடுத்து, கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசினோம். ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரங்கள் நான்கு லிட்டருக்குள் அடங்கிவிட்டன. தண்ணீர்ப் பஞ்சக் காலங்களில் குடும்பம் நடத்திய உங்கள் மாமியாரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் மூன்று லிட்டரிலேயே முடித்துக் காட்டக்கூடும்.

தொட்டியைப் புறப்படும்போதே நிரப்பிக்கொண்டு போக வேண்டுமா என்றால், வேண்டாம். 150 லிட்டர் என்பது 150 கிலோ எடை. அதை ராக்கி மலைகளின் மேல் இழுத்துச் செல்வது வீண். பூங்காவுக்கு ஏறக்குறைய 50 மைல் முன்னால் இருக்கும் கிரீன் ரிவர் ஊரில் பெட்ரோல் போடும்போது நிரப்பிக்கொள்ளுங்கள். கோப்ளின் வேலியில் பொதுக் குழாய் உண்டு என்றாலும் எல்லா மாநிலப் பூங்காக்களும் அப்படியல்ல. அதே யூட்டாவில் மோவாப் அருகேயுள்ள டெட் ஹார்ஸ் பாயின்ட் பூங்காவுக்குத் தண்ணீரே லாரியில்தான் வருகிறது. அங்கே போகிறவர்கள் மோவாபிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கழிப்பறையில் தண்ணீர்தான் பயன்படுத்துவோம். ஆர்.வி.யில் அது முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, இதைக் கேட்காமல் போய் மூன்றாம் நாள் அவதிப்பட்ட குடும்பங்களை அறிவேன். ஒரு முறைக்கு ஒரு சொம்பு, அதாவது ஒரு லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர் நாளைக்கு ஐந்து முறை என்றால் 25 லிட்டர். மூன்று நாளில் 75 லிட்டர். கால்மிதியை அழுத்தும்போது ஒவ்வொரு முறையும் இறங்கும் நீர் இந்தக் கணக்கில் சேரவில்லை. பிளாக் தொட்டி 30 காலன், அதாவது சுமார் 114 லிட்டர்தான் கொள்ளும் என்பதால், ஊருக்குத் திரும்பும் முன்பே அது விளிம்பைத் தொட்டுவிடும். சொம்புக்குப் பதிலாகக் கால் லிட்டர் பிடிக்கும், அழுத்தினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் குப்பி ஒன்றை ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். பகல் நேரத்தில் முகாமின் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தினால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. தண்ணீரே இல்லாமல் காகிதம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் தொட்டிக்குள் அது கோபுரமாகக் குவிந்து, பிறகு எதற்கும் அசையாமல் இறுகிவிடும். அந்த வகையில் நம் பழக்கம் தொட்டிக்கு நல்லதே, அளவுதான் முக்கியம். சுவரில் எரியும் அளவுகாட்டி விளக்குகளை நம்பாதீர்கள். உணரிகளில் காகிதம் ஒட்டிக்கொண்டால், காலியான தொட்டியும் முக்கால் நிரம்பியதாகக் காட்டும். வாடகை வண்டியை எடுக்கும்போதே தொட்டிகள் காலியாக இருக்கின்றனவா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பா தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்காக சிபேப் கருவி வைத்துக்கொள்கிறார். மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரவு முழுவதும் அது ஓடுமா? ஹீட்டரும் ஓட வேண்டுமே?
– ஒரு வாசகர், சால்ட் லேக் சிட்டி

பதில்: இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். வாடகை ஆர்.வி.யில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தருவது ஓர் ஆம்பியர்-மணி) என்று கொண்டால் மொத்தம் 200. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் உங்கள் கையிலிருப்பது 100தான். லித்தியம் பேட்டரியாக இருந்தால் ஏறக்குறைய முழுவதையும் செலவழிக்கலாம்.

இனிச் செலவு. ஹீட்டர் எரிவது புரொப்பேன் வாயுவில். ஆனால் வெப்பக் காற்றை அறைக்குள் தள்ளும் விசிறி பேட்டரியிலிருந்து ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிறது. ஏப்ரல் இரவில் அங்கே நான்கைந்து டிகிரி செல்சியஸ் வரை குளிர் இறங்கும். பத்து மணி நேரத்தில் பாதி நேரம் விசிறி ஓடினாலே 35 முதல் 40 ஆம்பியர்-மணி போய்விடும். சிபேப் கருவியின் ஈரப்பதமூட்டியையும் சூடாக்கும் குழாயையும் அணைத்துவிட்டு, 12 வோல்ட்டிலேயே நேராக இயக்கும் அதன் டி.சி. அடாப்டரைக் கொண்டு ஓட்டினால் இரவுக்கு ஏறக்குறைய 10 போதும். ஈரப்பதமூட்டியை வைத்துக்கொண்டால் அது மும்மடங்காகவும் ஆகலாம். விளக்குகள், தண்ணீர் பம்பு, வாயுக் கசிவு எச்சரிப்பான் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15. மொத்தத்தில் ஓர் இரவு தாங்கும். பகலில் மறுபடி ஏற்றிக்கொள்ளாவிட்டால் இரண்டாம் இரவு தாங்காது. ஈரப்பதமூட்டியை அணைக்கலாமா என்பதை மட்டும் அப்பாவின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் முதல் பயணத்தில், வண்டி கொடுத்தவர் பேட்டரி புதியது என்று சொன்னதை அப்படியே நம்பி, இன்வெர்ட்டரை இரவு முழுக்க அணைக்காமல் விட்டுவிட்டேன். விடியற்காலை நான்கு மணியளவில் ஹீட்டரின் விசிறி, இழுப்பு வந்தவர் மூச்சு விடுவதுபோல் மெல்ல மெல்ல இறங்கியது; மூன்று முறை ‘டிக், டிக்’ என்று பற்றவைக்க முயன்றது; பிறகு நின்றுவிட்டது. மேல்தட்டுப் படுக்கையில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு படுத்திருந்த என் மாமனார், “மாப்பிள்ளை, கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டார். ஜெனரேட்டரைக் கிளப்பலாம் என்று பொத்தானை அழுத்தினால் அதுவும் அசையவில்லை. ஜெனரேட்டரைக் கிளப்புவதே அந்த பேட்டரிதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே, எஞ்சின் பேட்டரியையும் தங்கும் பகுதிக்குரிய இந்த பேட்டரியையும் தற்காலிகமாக இணைக்கும் ஒரு சுவிட்ச் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருக்கும். வண்டியைக் கையில் வாங்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய வோல்ட்மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் ஓடாத நிலையில் 12.7 காட்டினால் பேட்டரி நிறைவு, 12.1-க்கு இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி கொண்டு போகலாமா?
– ஒரு வாசகி, லாஸ் வேகஸ்

பதில்: இண்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 1,800 வாட் அடுப்பு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியிலுள்ள வாயு அடுப்புக்கு மின்சாரம் தேவையில்லை. சட்னிக்குப் பதில் பொடி வகைகளை அரைத்து எடுத்துச் சென்றால் மிக்ஸிக்கும் வேலையில்லை. பிரஷர் குக்கரை மறக்காதீர்கள்: பூங்கா சுமார் 5,000 அடி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் வாயுவும் பொறுமையும் சேர்ந்து தீரும்.

கேள்வி: பேட்டரிக் கணக்கே வேண்டாம், ஜெனரேட்டரை இரவெல்லாம் ஓடவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், அல்புகர்க்கி

பதில்: கூடாது. இரவு 10 மணிக்கு மேல் அமைதி நேரம். பூங்கா ஊழியர் வந்து கதவைத் தட்டுவார். அதற்கும் மேலாக, தூங்கும்போது புகைபோக்கியின் கார்பன் மோனாக்சைடு காற்றடிக்கும் திசையைப் பொறுத்து உங்கள் வண்டிக்குள்ளேயோ பக்கத்துக் கூடாரத்துக்குள்ளேயோ புகலாம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டுங்கள். அந்த நேரத்திலேயே மைக்ரோவேவ், கைப்பேசி சார்ஜர் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோல் தொட்டியிலிருந்தே குடிக்கிறது. தொட்டி கால் அளவுக்கு இறங்கியதும் தானே நின்றுவிடும். நீங்கள் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

கேள்வி: கோடை விடுமுறையில் போகலாமா?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பது புரிகிறது, இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஜூலையில் வெயில் 38 டிகிரியைத் தொடும், நிழல் தரும் மரம் கிடையாது, கூரை ஏ.சி. பேட்டரியில் ஓடாது. ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும் ஏற்றவை. வசந்த காலத்தில் காற்று திடீரென்று வீசும் என்பதால், ஆனிங் என்னும் பக்கப் பந்தலை விரித்துவிட்டு எங்கும் போகாதீர்கள். முறிந்த பந்தலுக்கு வாடகை வண்டிக்காரர் போடும் தொகை பயணச் செலவையே மிஞ்சும். அருகேயுள்ள லிட்டில் வைல்டு ஹார்ஸ் என்னும் இடுக்குப் பள்ளத்தாக்குக்குள் நடக்க விரும்பினால், வானிலையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். தொலைவில் பெய்யும் மழை, தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே அந்த இடுக்கில் வெள்ளமாக வந்துவிடும்.

கேள்வி: கிரீன் ரிவரில் எல்லா இணைப்புகளும் உள்ள தனியார் முகாம் கிடைக்கும்போது, இவ்வளவு கணக்குப் போட்டுக்கொண்டு ஏன் பூங்காவுக்குள் தங்க வேண்டும்?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: கைக்குழந்தை இருந்தாலோ, ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளி உடன் வந்தாலோ, தயங்காமல் அந்தத் தனியார் முகாமிலேயே தங்குங்கள். மற்றவர்களுக்கு என் பதில் வேறு. கடினமான மணற்கல் மேலேயும் மென்மையான அடுக்கு கீழேயுமாகப் படிந்து, கீழடுக்கு முதலில் அரிபட்டதால் தொப்பி போட்ட குள்ளர்கள்போல் நிற்கும் ஆயிரக்கணக்கான பாறைகளைப் பகலில் வருகிறவர்களும் பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் போன பிறகு அங்கே வரும் இருட்டைப் பார்க்க, உள்ளே தங்கியவர்களால்தான் முடியும். 2016-இல் இந்தப் பூங்காவுக்கு இருண்ட வானப் பூங்கா என்ற பன்னாட்டுச் சான்று கிடைத்தது. அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பார்த்து, மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்யுங்கள், ஏனெனில் தளங்கள் குறைவாகத்தான் உள்ளன.

நாங்கள் இருந்த இரண்டாம் இரவு, வண்டி விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சப்தரிஷி மண்டலம் தலைக்கு மேலே வந்திருந்தது. வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு புள்ளியை என் மாமனார் விரலால் காட்டினார். என் மாமியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். கல்யாணத்தன்று பட்டப்பகலில் புரோகிதர் வானத்தைக் காட்டியபோது, தெரிகிறது என்று தலையாட்டியதோடு சரி, அருந்ததியைக் கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான் என்றார்.