எரிமலைச் சாம்பல் வந்தால் விமானங்களை ஏன் நிறுத்துகிறார்கள்? உடம்புக்கு அது என்ன செய்யும்?

கேள்வி கேட்டவர் கீழே இப்படி விளக்கியிருக்கிறார்: 2025 நவம்பரில் எத்தியோப்பியாவில் ஒரு எரிமலை வெடித்ததற்கு, கொச்சியிலிருந்து வளைகுடா போகிற விமானங்களை ரத்து செய்தார்கள். கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வெடித்ததற்கு இவ்வளவு பயம் தேவையா? டெல்லியில் இருக்கிற என் அக்கா மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டுமா?

சுருக்கமான பதில்: பயம் தேவைதான். அக்கா இதற்கென்று தனியாக மாஸ்க் போட வேண்டியதில்லை. டெல்லியின் நவம்பர் காற்றுக்காகப் போட்டுக்கொண்டால் அது வேறு கதை.

நான் விமானத் துறைக்காரன் இல்லை. நூற்பாலையில் மெயின்டெனன்ஸ் வேலை. கோயம்புத்தூர் ஆட்கள் பலர் இந்தோனேசிய மில்களில் வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படித்தான் நானும் ஜாவாவில் சோலோ நகரத்துப் பக்கம் நாலு வருடம் இருந்தேன். அங்கே ஒருமுறை எரிமலைச் சாம்பலுக்குள் நடந்திருக்கிறேன், தின்றிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

சாம்பல் என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. நமக்குச் சாம்பல் என்றால் விறகடுப்புச் சாம்பல், நெற்றியில் பூசுகிற திருநீறு. விரலில் எடுத்தால் பட்டு மாதிரி இருக்கும், ஊதினால் பறந்துவிடும். எரிமலைச் சாம்பலில் எதுவும் எரிந்து சாம்பலாகவில்லை. பூமிக்கடியிலிருந்து பாறைக்குழம்பு மேலே ஏறும்போது அதில் கரைந்திருக்கும் வாயு, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்குகிறது. அந்த வேகத்தில் குழம்பு சிதறி, நொடியில் இறுகித் தூளாகிறது. அதாவது அது பாறைத்தூளும் கண்ணாடித்தூளும் கலந்த கலவை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் உடைந்த பாட்டில் சில்லு மாதிரி முனை முனையாக இருக்கும். தண்ணீரில் கரையாது. கண்ணாடியைக் கீறும்.

இது எனக்குத் தெரிந்தது 2014 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை காலையில். முதல் நாள் இரவு பதினொரு மணிவாக்கில் கிழக்கு ஜாவாவில் கெலுட் எரிமலை வெடித்திருந்தது. எங்களுக்கும் அதற்கும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ராத்திரி ஜன்னல் லேசாக அதிர்ந்ததை லாரி போகிறது என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் தெரு முழுக்க ஒரே சாம்பல் நிறம். வாழை இலை, கரண்ட் கம்பி, பக்கத்து வீட்டுப் பூனையின் முதுகு எல்லாம் அதே நிறம். சத்தமே இல்லை. வண்டிகள் போகின்றன, ஆனால் சாலையில் மெத்தை விரித்ததுபோல் ஓசை அமுங்கியிருக்கிறது. தீக்குச்சி கிழித்த மாதிரி மெல்லிய வாசம்.

மில்லிலிருந்து போன் வந்ததும் பைக்கை எடுத்தேன். நூறு அடி போவதற்குள் ஹெல்மெட் கண்ணாடி மங்கிவிட்டது. பழக்க தோஷம், கையுறையால் ஒரு துடைப்புத் துடைத்தேன். அவ்வளவுதான், கண்ணாடி முழுக்க அரைவட்டமாகக் கீறல். உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு வைப்பரைப் போட்டுக் கார் கண்ணாடியைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர்.

சரி, மில்லுக்கு வருகிறேன், ஏனென்றால் விமானக் கதை அங்கேதான் புரியும். நூற்பாலை என்பது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிற இடம். உள்ளே ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக வெளிக்காற்றை இழுத்து, தண்ணீரில் அலசி உள்ளே விடுவோம். கம்ப்ரஸர்கள் தனியாகக் காற்று இழுக்கும். அன்றைக்கு முதல் வேலையாக வெளிக்காற்று வழிகளை எல்லாம் அடைத்தோம். அதற்குள் கம்ப்ரஸர் ஃபில்டர்கள் சாம்பல் குடித்து அடைத்துக்கொண்டன. மாதக்கணக்கில் ஓட வேண்டிய ஃபில்டரை ஒரே ஷிஃப்டில் இரண்டு தடவை மாற்றினோம். ஃபில்டர் இருந்ததால் கம்ப்ரஸர் தப்பித்தது.

விமான இன்ஜினின் வாயில் ஃபில்டர் கிடையாது. பெரிய ஜெட் இன்ஜின் ஒன்று விநாடிக்குப் பல நூறு கிலோ காற்றை விழுங்குகிறது, அதற்கு முன்னால் ஃபில்டர் வைக்கவும் முடியாது. சாம்பல் கலந்த காற்று உள்ளே போனால் முதலில் முன்பக்க பிளேடுகளை மணல் வீசியதுபோல் தேய்க்கும். அது மெதுவான சேதம். உடனடி ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. எரியறையில் 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம். சாம்பலில் உள்ள கண்ணாடி 1,100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். இளகிய கண்ணாடி டர்பைன் பக்கம் போய், சற்றே குளிர்ந்த உலோகத்தில் பசை மாதிரி ஒட்டி, காற்று போகிற வழியை அடைக்கிறது. இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். எரிபொருள் இருக்கிறது, எந்தப் பாகமும் உடையவில்லை, ஆனாலும் நின்றுவிடும்.

நான் இருந்த அதே ஜாவா தீவின் மேல் இது நடந்திருக்கிறது. 1982 ஜூன் 24 இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்தது. மேற்கு ஜாவாவில் காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் 37,000 அடியில் நுழைந்துவிட்டது. முன்கண்ணாடியில் நீல வெள்ளையாக மின்பொறி, கேபினுக்குள் கந்தக நாற்றம். அப்புறம் நாலு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே 263 பேர். கேப்டன் எரிக் மூடி, விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு இறக்கிக்கொண்டே வந்தார். பதிமூன்றாயிரம் அடி வாக்கில் இன்ஜின்கள் மறுபடி உயிர் பெற்றன. காரணம் எளிது: நின்ற இன்ஜின் குளிர்ந்தது, ஒட்டியிருந்த கண்ணாடி நொறுங்கி உதிர்ந்தது, சாம்பலுக்குக் கீழே சுத்தமான காற்றும் கிடைத்தது. ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி வழியாக ஓடுபாதை தெரியவில்லை. என் ஹெல்மெட் கண்ணாடிக்கு ஆனதுதான் அதற்கும் ஆகியிருந்தது.

1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் கேஎல்எம் நிறுவனத்தின் 747 சிக்கியதும் இதே போலத்தான். அங்கே விமானிகள் வேகத்தைக் கூட்டி மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்யத் தோன்றும். ஆனால் வேகம் கூட்டினால் எரியறை இன்னும் சூடாகும், இன்னும் கண்ணாடி உருகும். நாலு இன்ஜினும் போய், 14,000 அடிக்கு மேல் கீழே வந்த பிறகுதான் மீண்டது. புத்தம் புது விமானம், பழுது செலவு மட்டும் 8 கோடி டாலர். இன்றைக்கு விமானிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நேர் எதிர்: வேகத்தைக் குறை, வந்த வழியே திரும்பு.

‘பார்த்து ஒதுங்கிப் போக வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். பார்க்க முடியாது என்பதுதான் பிரச்சினை. விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளியைப் பார்ப்பதற்கானது. இந்தத் துகள்கள் அதன் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, ஈரமும் இல்லாதவை. இரவில் விமானியின் கண்ணுக்கும் தெரியாது. அதனால் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டு உலகத்தில் ஒன்பது சாம்பல் எச்சரிக்கை மையங்கள் இயங்குகின்றன. செயற்கைக்கோள் படம், காற்றின் திசை எல்லாம் வைத்து, இந்த உயரத்தில் இத்தனை மணிக்குச் சாம்பல் இங்கே இருக்கும் என்று அறிக்கை விடுவார்கள். எத்தியோப்பிய சாம்பலுக்கு அறிக்கை விட்டது பிரான்ஸில் இருக்கிற துலூஸ் மையம்.

இப்போது உங்கள் கொச்சி விமானம். 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது ஹெய்லி குப்பி என்கிற எரிமலை. அது இதற்கு முன் வெடித்ததாகப் பதிவே கிடையாது. சாம்பல் சுமார் 45,000 அடி வரை போனது. உயரத்தில் அடிக்கிற காற்று அதைச் செங்கடல் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக அரபிக்கடல் மேலே கொண்டுவந்து, மறுநாள் இரவு வட இந்தியாவுக்கு மேல் நிறுத்தியது. அப்புறம் அது சீனா பக்கம் போய்விட்டது. கொச்சியில் வானம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். விமானம் போக வேண்டிய வழியில், அது பறக்கிற உயரத்தில்தான் பிரச்சினை.

கொஞ்சம் சாம்பல் பரவாயில்லையா என்றால், அந்தக் கேள்விக்கு 2010 வரை ஒரே பதில்தான்: கூடவே கூடாது. அந்த வருடம் ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தில் எய்யாஃபியாத்லயோக்குத் (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, செய்தி வாசித்தவர்களுக்கே நுழையவில்லை) பனிப்பாறைக்கு அடியிலிருந்து வெடித்தது. உருகிய பனியும் குழம்பும் மோதியதில் மாவு மாதிரி நைஸான சாம்பல். ஐரோப்பிய வானத்தின் பெரும்பகுதியை ஏறக்குறைய ஆறு நாள் மூடினார்கள். சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து, ஏறக்குறைய ஒரு கோடிப் பயணிகள் தவிப்பு. கென்யாவில் ஐரோப்பாவுக்கென்று பறித்த ரோஜாக்கள் விமானமில்லாமல் குப்பைக்குப் போயின. நிறுவனங்கள் கூச்சல் போட்ட பிறகு, இன்ஜின் தயாரிப்பாளர்களோடு பேசி, ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை இருந்தால் பறக்கலாம் என்று ஒரு கோடு போட்டார்கள். நூற்றுக்கணக்கான உயிர்களை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிப் போவதோ ரத்து செய்வதோ எனக்குக் கோழைத்தனமாகத் தெரியவில்லை.

உடம்பு விஷயம். டெல்லிக்கு மேலே சாம்பல் போனது விமானங்கள் பறக்கிற உயரத்தில். நீங்கள் மூச்சு விடுகிற உயரத்துக்கு அது இறங்கி வந்தால்தான் பேச்சு. ‘வெளியே வராதீர்கள், அமில மழை’ என்று எனக்கும் ஐந்து குரூப்பில் பார்வர்ட் வந்தது, ஐந்தையும் அழித்தேன்.

சாம்பல் தரைக்கு வந்துவிட்டால் கதை மாறும். அன்று சாயங்காலம் நான் வாசலைத் துடைப்பத்தால் பெருக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு ஈபு (அங்கே பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம், ஆண்களை ‘மாஸ்’ என்பார்கள்) ஓடி வந்து, “மாஸ், காய்ந்த சாம்பலைப் பெருக்காதே, எல்லாம் உன் நெஞ்சுக்குள்தான் போகும். தண்ணீர் தெளி” என்றார். நான் வாளியைத் தூக்கினேன். “ஊற்றாதே, தெளி! ஊற்றினால் சிமென்ட் ஆகிவிடும், சாக்கடை அடைத்துவிடும்.” ஊரில் அம்மா வாசல் தெளிக்கிற மாதிரி கையால் தெளித்து, மண்வெட்டியால் வழித்துச் சாக்கில் கட்டினோம். அந்தச் சாக்கை நான் ஒரு கையால் தூக்கப் பார்த்துத் தோற்றேன். ஈரச் சாம்பலுக்கு அவ்வளவு கனம். 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தபோது அதே நாளில் புயல் மழையும் வந்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் இடிந்த கூரைகளுக்கு அடியில் இறந்தவர்கள்.

எனக்கு மூன்று நாள் தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், கண்ணில் மண் விழுந்த உறுத்தல். பெரும்பாலானவர்களுக்கு அதோடு போய்விடும். ஆஸ்துமா, மூச்சுக்குழல் நோய் உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதியில் இருந்த ஒரு பையனை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். கண்ணைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் விழிமேல் கீறல் விழும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாற வேண்டும். மாஸ்க்கில் என்95 தான் சரியானது. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டால் நன்றாக வடிகட்டும் என்று பலர் நம்புகிறார்கள், நனைப்பதால் பெரிய லாபம் இல்லை. முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா என்பதுதான் முக்கியம். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், மாடு ஆடு இருந்தால் சாம்பல் விழுந்த புல்லை மேயவிடாதீர்கள். சில எரிமலைச் சாம்பலில் ஃபுளோரின் ஒட்டிக்கொண்டு வரும்.

சிலிகோசிஸ் (நுண்ணிய கல்தூசியால் வருகிற நுரையீரல் நோய்) வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பஞ்சுத்தூசியால் வருகிற மூச்சடைப்பைப் பழைய மில் தொழிலாளிகளிடம் பார்த்தவன் நான். அந்த மாதிரி நோய்கள் வருடக்கணக்கில் தூசியில் நின்றவர்களுக்கு வருபவை. சிலிகோசிஸும் அந்த வகைதான், கல்குவாரிக்காரர்களிடம் பார்க்கிறோம். நாலு நாள் சாம்பலில் அது வந்துவிடாது. தினமும் சாம்பல் அள்ளுகிற வேலையில் இருப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

டிக்கெட் பணம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எரிமலை யார் தப்பும் இல்லை என்பதால் நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் ரத்தான விமானத்துக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு விமானத்தில் இடம் தர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்கள் என்றால் காத்திருக்கிற நாட்களுக்குச் சாப்பாடு, தங்குமிடமும் தந்தாக வேண்டும். 2010 எரிமலை வழக்கிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் அப்படித்தான் தீர்ப்பு சொன்னது.

எனக்கு அந்தச் சனிக்கிழமை சோலோவிலிருந்து ஜகார்த்தா, அங்கிருந்து ஊருக்கு டிக்கெட். தங்கைக்கு வளைகாப்பு. ஜாவாவில் சோலோ, யோக்யகர்த்தா, சுரபாயா என்று ஏழு விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். ஜகார்த்தா மட்டும் ஓடியது. சோலோ பாலாபான் ஸ்டேஷனில் வரிசையில் நின்று இரவு ரயிலைப் பிடித்து ஜகார்த்தா போய், அங்கிருந்து பறந்தேன். வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து உதறினார். ஹாலில் சாம்பல் பறந்தது.

“ஏஞ்சாமி, நூல் மில்லுன்னுதானே சொன்னே? மதுக்கரை சிமென்ட் ஃபேக்டரிலிருந்து வர்ற மாதிரி இருக்குது?”

“உதறாதம்மா, தண்ணி தெளி” என்றேன்.