தினமும் நடக்கிறவருக்கு மாரடைப்பு வராதா?

கேள்வி: வயது 49. ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கண்டோஜி ஏரியோரம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். சென்னையில் முழு இருதயப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

நடை வீண் போகாது. லண்டன் மாடிப் பஸ்ஸில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் மோரிஸ் குழுவினர் 1953-லேயே எழுதிவிட்டார்கள். குறைவு என்றுதான் எழுதினார்கள், வராது என்று எழுதவில்லை. ஓட்டப் பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதி ஊரையே ஓட வைத்த அமெரிக்கர் ஜிம் ஃபிக்ஸ் 1984-ல் ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார், வயது 52. அவருடைய அப்பா இருதய நோயால் 43-ல் போனவர். அப்பாவுக்கு 55-க்குள் வந்திருந்தால் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிப்போம். நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள்.

ஆகவே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இங்கேயே பாருங்கள். கெட்ட கொழுப்பு நடையால் அதிகம் இறங்காது, மாத்திரை வேண்டியிருக்கலாம். மருந்துக்கடையில் அட்டையை வெட்டி வாங்காமல் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நடந்துவிட்டு வந்து புகையிலை வைத்த குன்யா (பர்மிய வெற்றிலைச் சுருள்) போடுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

பேக்கேஜ் ஆசாமிக்கு வருவோம். அவருக்குக் கமிஷன், உங்களுக்கு ஒரு கனமான ஃபைல். அப்படி ஒரு ஃபைலை என்னிடம் ஒருவர் கொண்டுவந்தார். முப்பது பக்கத்தில் உபயோகமானது இரண்டு. படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நார்மலாம், அதனால் அடைப்பே இல்லையாம்! அடைப்பு உள்ளவருக்கும் அது நார்மலாக வரும். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? கிளினிக்குக் கிளினிக் புதிதாக ஈசிஜி எடுக்கிறார்கள். பழையது எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. அது உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் கிடக்கும். எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். வெறும் வியர்வை, மூச்சுத்திணறல், வயிற்றுப் புரட்டல் என்று வரும். "வலி இல்லையே, வாயுதான்" என்று ஓமவாட்டர் குடித்துவிட்டு உட்காராதீர்கள். சர்க்கரை உள்ள பெண்களும்தான். மறுபடியும் சொல்கிறேன், வலி இல்லாமலே வரும். உடனே ஆஸ்பத்திரி.

மற்றபடி, லிஃப்ட் இல்லாத உங்கள் படிக்கட்டைக் கவனியுங்கள். போன மாதம் ஒரே மூச்சில் ஏறிய ஐந்தாவது மாடிக்கு இந்த மாதம் மூன்றாவதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, காய்கறிப் பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாமா என்று தோன்றினால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.