வாசகர் கேள்வி பதில்: கேட்பவருக்கும் குரல் உள்ள வானொலி

உள்ளூர் வானொலியின் தேவையை வலியுறுத்திச் சென்ற இதழில் வெளியான என் கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: மாலையில் வயலிலிருந்து திரும்பியதும் ட்ரான்சிஸ்டரில் பண்ணை நிகழ்ச்சி கேட்காவிட்டால் என் தந்தைக்கு அந்த நாள் நிறைவடையாது. இன்று என் மகன் பூச்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து, அரை நிமிடத்தில் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுகிறான். இனி வானொலியில் வேளாண்மையைப் பற்றிப் பேச என்ன தேவை இருக்கிறது? (இல்லத்தரசி, நீடாமங்கலம்)

தங்கள் மகன் செய்வதில் தவறு ஏதும் இல்லை. மருந்தின் பெயர் தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோமே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவயலில் வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்துபோன பிறகுதான் பலர் அதைக் கவனிக்கிறார்கள். அந்தப் பூச்சி தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதால், இலையின் மேல் தெளிக்கிற மருந்து அதன்மீது படுவதே இல்லை. முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். தெளிப்பானின் முனையைத் தூருக்குத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். பயிர் கரும்பச்சையாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் யூரியாவை அள்ளிப் போடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அடுத்த போகத்தில் நடவு செய்யும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு, காற்றும் வெயிலும் தூர்வரை இறங்க வழி செய்ய வேண்டும். இவ்வளவையும் ஒரு நல்ல காணொளியும் சொல்லிவிடும்.

நான் சில ஆண்டுகள் ஒரு வானொலி நிலையத்தில் பகுதிநேரமாகப் பண்ணை நிகழ்ச்சி தயாரித்தவன். ஒருநாள் இதே புகையானைப் பற்றி ஓர் அலுவலரும் ஒரு விவசாயியும் உரையாட வந்திருந்தார்கள். அலுவலர் எழுதி எடுத்து வந்ததைத் தெளிவாகப் படித்துக்கொண்டே போனார். விவசாயி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பாதி நேரம் கடந்தபின் அவர் மெதுவாக, "ஐயா, வடிக்கச் சொல்றீங்க, வடிச்சிடலாம். திரும்பக் கட்டணும்னா எங்களுக்கு முறை வர ஆறு நாள் ஆகும். மேல்மடைக்காரர் அதுக்கு முன்னாடி விடமாட்டாரே?" என்று கேட்டார். (வாய்க்காலில் இவருக்கு முன்னே நீர் பாய்ச்சுபவர்தான் மேல்மடைக்காரர்.) அலுவலர் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். "உங்க வயலு களியா, மணலா?" என்று அவர் திருப்பிக் கேட்ட அந்தக் கணத்தில்தான் உண்மையான நிகழ்ச்சி தொடங்கியது. மண் எத்தனை நாள் ஈரம் தாங்கும், முழுவதும் வடிக்காமல் எந்த அளவில் நிறுத்தலாம், மேல்மடைக்காரரும் அதே வாரத்தில் வடித்தால் இருவருக்கும் என்ன நன்மை என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. ஒரே வாய்க்காலில் பாயும் எத்தனையோ பேர் அதைத் தங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டிருப்பார்கள். தங்கள் மகனின் கைப்பேசிக்குப் பூச்சியைத் தெரியும், மேல்மடைக்காரரைத் தெரியாது. நான் உள்ளூர் வானொலியை இத்தனை வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கேட்பவரின் கேள்வி நிலையத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்ற எண்ணம் பழமையானது. கனடாவில் 1941-ல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்கள், 'படி, கேள், விவாதி, செயல்படு' என்பதைத் தங்கள் முழக்கமாகக் கொண்டிருந்தன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஒலிபரப்பைக் கேட்டபின், தங்களுக்குள் பேசி, தங்கள் கருத்தை எழுதி அனுப்பின. அதே முறையை 1956-ல், யுனெஸ்கோவின் துணையுடன், அகில இந்திய வானொலி புணே வட்டாரத்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் சோதித்துப் பார்த்தது. வாரத்துக்கு இருமுறை ஊரார் சுமார் இருபது பேர் கூடிக் கேட்டார்கள், விவாதித்தார்கள். அவர்களிடம் எழுந்த ஐயங்கள் நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, பின்வரும் ஒலிபரப்பில் விடை சொல்லப்பட்டது. மன்றங்கள் இல்லாத ஊர்களைவிட அங்கே விவசாயிகளின் அறிவு கணிசமாக உயர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தங்கள் தந்தை கேட்ட பண்ணை நிகழ்ச்சிகளின் வேர் அந்தக் கூட்டங்களிலும் இருக்கிறது.

கேள்வி: ஒரு நெல் ரகத்துக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் இருந்ததாக என் தாத்தா சொல்வார். உண்மையா? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

உண்மைதான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களில் வெளியிட்ட ஏடிடி 27 என்ற ரகத்தைத்தான் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் அவ்வாறு அழைத்தார்கள். சற்றேறக்குறைய மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும் குறுகிய கால ரகம் அது என்பதால், குறுவைப் பருவத்துக்குப் பொருந்தியது. நாட்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1939-ல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தில் 1966-ல் பண்ணை ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. விதை எங்கே கிடைக்கும், நாற்று எத்தனை நாளில் பறிக்க வேண்டும், மேலுரம் எப்போது என்பதையெல்லாம் அந்தப் பிரிவு பருவத்துக்கு ஏற்பச் சொல்லிவந்தது. அறிமுகம் செய்த வானொலியின் பெயரையே நெல்லுக்குச் சூட்டினார்கள் மக்கள். அரசு தரும் எந்த விருதையும்விட அதை நான் பெரிதாக மதிக்கிறேன். தங்கள் தாத்தா அந்த நெல்லைப் பயிரிட்டவர் என்றால், அவர் சொல்வதை உடனே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளூர் வானொலிகளில் அறிவிப்பாளர்கள் பேச்சுவழக்கில் பேசுவது தமிழைக் கெடுக்காதா? நல்ல தமிழைக் கற்றுக்கொடுப்பது வானொலியின் கடமை அல்லவா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி)

தங்கள் அக்கறை எனக்கும் உண்டு. செய்தி, இலக்கிய உரை, அறிவிப்பு ஆகியவை திருத்தமான தமிழில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தைப் பாதிக்குப் பாதி கலந்து பேசுவதைப் பேச்சுவழக்கு என்று சொல்லிக்கொள்வதையும் நான் ஏற்கவில்லை; எந்த ஊர் வயலிலும் யாரும் அவ்வாறு பேசுவதில்லை.

ஆனால் வட்டார வழக்கு என்பது வேறு. அது துல்லியமானது. 'ஹெக்டேருக்கு 50 கிலோ' என்று ஓர் அலுவலர் சொல்கிறார். தஞ்சைப் பகுதி விவசாயியின் கணக்கோ 'மா' என்னும் நில அளவையில் இருக்கிறது. மூன்று மா ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ ஏழரை மா என்பதால், அந்த 50 கிலோ மாவுக்கு ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்தக் கணக்கைக் கேட்பவர் மனத்துக்குள் போட்டு முடிப்பதற்குள் அலுவலர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அச்சிட்ட தாளைத் திரும்பப் புரட்டலாம். காற்றில் வந்த சொல்லைப் புரட்ட முடியாது. ஆகவே நிகழ்ச்சியை நடத்துபவர் அந்த இடத்தில் குறுக்கிட்டு, "மாவுக்கு ஏழு கிலோ போட்டா மிகாதுங்களா?" என்று கேட்டுவிட்டால், அந்த ஒரு வரியில் பயன் முழுவதும் வந்துவிடுகிறது. நாற்றங்கால், வரப்பு, மடை, தூர், களம், பதர் என்று உழவர் அன்றாடம் புழங்கும் சொற்கள் யாவும் பழந்தமிழ்ச் செல்வம். அவை ஒலிபரப்பில் இடம்பெறுவதால் தமிழுக்கு வளமே சேரும். ஆசிரியராகிய தங்களைப் போன்றவர்கள் அந்தச் சொற்களைத் தொகுத்து உள்ளூர் நிலையத்துக்குக் கொடுத்தால் அது பெரிய தொண்டாக இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு சமுதாய வானொலி தொடங்க விரும்புகிறோம். யார் தொடங்கலாம்? எதையெல்லாம் பேசலாம்? (வாசகர், வேதாரண்யம்)

தனிநபர்களும் அரசியல் கட்சிகளும் தொடங்க முடியாது. கல்வி நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், குறைந்தது மூன்றாண்டுகள் பதிவு பெற்றுச் சமூகப்பணி செய்துவரும் லாப நோக்கமற்ற அமைப்புகள் ஆகியவை மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விண்ணப்பிக்கலாம். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் முதலில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-ல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரியில் தொடங்கி, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஆனது. 2008-ல் இன்றைய தெலங்கானாவின் மேதக் பகுதியில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் வானொலி தொடங்கியது. சிறுதானியம், விதைப் பாதுகாப்பு, பாட்டு என அவர்கள் பேசுவது எல்லாம் தங்கள் நிலத்திலிருந்தே எழுகிறது.

அனுமதிக்கப்படும் ஒலிபரப்பு ஆற்றல் பொதுவாக 100 வாட். கோபுரத்தின் உயரம் 30 மீட்டர். சமவெளியில் சுமார் பத்துக் கிலோமீட்டர் வரை எட்டும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது அந்த ஊரார் பங்கேற்று, உள்ளூரிலேயே உருவானதாக இருக்க வேண்டும். அரசியல் பேச அனுமதி இல்லை. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் இயலாது. வானிலை, இயற்கைச் சீற்றம், உள்ளூர் நிகழ்வுகள் பற்றிய தகவல்களைச் சொல்லலாம்.

தாங்கள் கடற்கரைவாசி என்பதால் ஒன்று சொல்கிறேன்: பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக இயங்கிவரும் கடல் ஓசை நிலையத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்லும் எச்சரிக்கை, கேட்கிறவருக்குப் பழக்கமான குரலில் வரும்போது படகை நிறுத்துவதா இறக்குவதா என்ற முடிவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அங்கேயே கேட்டறியலாம். கருவிகளுக்குப் பணம் திரட்டுவதற்கு முன், ஓராண்டுக்குப் பேச எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஊரில் கணக்கெடுங்கள். நிலையங்கள் பல நலிந்ததற்குப் பணமுடையைவிட, சில மாதங்களில் பேச ஆளில்லாமல் திரைப்பாடலை நிரப்பத் தொடங்கியதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை வானொலிக்காகப் பதிவு செய்வதால் பயன் உண்டா? அவை இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லையே? (நூலகர், திருத்துறைப்பூண்டி)

நடவு இயந்திரம் வந்த ஊர்களில் பாட்டு நின்றுவிட்டது என்பது உண்மை. அதனால்தான் பதிவு அவசரமாகிறது. பாடியவரின் பேத்தி அதை வானொலியில் கேட்டு, "இது எங்க அப்பாயி குரல்" என்று நிலையத்துக்கு எழுதும்போது அந்தத் தேவையை நாம் அறிகிறோம். பாடுபவரிடம் முறைப்படி இசைவு பெறுவதும், அவர் பெயரையும் ஊரையும் ஒலிபரப்பில் சொல்வதும், சன்மானம் கொடுப்பதும் கட்டாயம். ஒப்பாரியை மட்டும், பாடுபவரே முன்வந்தாலன்றிக் கேட்காதீர்கள். அது ஒருவரின் துக்கம்.

எங்கே பதிவு செய்கிறோம் என்பதும் முக்கியம். இதில் நான் தவறிழைத்திருக்கிறேன். நடவுப் பாட்டு பாடும் நான்கு பெண்களை நிலையத்துக்கு வரவழைத்து, குளிரூட்டிய அறையில் நாற்காலியில் அமர்த்தி, ஆளுக்கொரு ஒலிவாங்கி வைத்தேன். இரண்டு அடிக்கு மேல் அவர்களுக்குப் பாட்டு வரவில்லை. சொல் மறந்துவிட்டதாக வருந்தினார்கள். மூத்தவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "தம்பி, குனிஞ்சு நட்டாத்தான்பா வரும்" என்றார். நாற்காலிகளை அகற்றினோம். ஒலிவாங்கிகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கினோம். நால்வரும் வரிசையாக நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறும் தரையில் நாற்று நடுவதுபோல் குனிந்து பின்னோக்கி நகர்ந்தார்கள். மூத்தவர் முதல் அடியை எடுத்தார். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். மறந்ததாகச் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அறையின் மறுசுவரை அடைந்ததும் நால்வரும் ஒன்றாக நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள். அந்த மூச்சொலியையும் வெட்டாமல் ஒலிபரப்பினேன்.