பச்சோந்தி என்ன பாவம் செய்தது?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடித் தோட்டத்தில் நண்பர்கள் நாலு பேர் கூடி அரசியல் பேசுவோம். எங்களில் ஒருவர் போன தேர்தலில் ஒரு கட்சி, இந்தத் தேர்தலில் வேறு கட்சி. 'பச்சோந்தி' என்று கிண்டல் செய்தால் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார். இதற்கு நடுவில், பங்குனி பிறந்ததும் காராமணியில் அசுவினி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி. செடிக்கு என்ன மருந்து? நண்பருக்கு என்ன மருந்து? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நண்பருக்கு எதற்கு மருந்து? திருந்த வேண்டியவர்கள் மற்ற மூன்று பேர்தான். கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று ஏசுவது நம் மேடைகளில் தேய்ந்துபோன வசவு. அதில் விலங்கியலும் தப்பு, நியாயமும் தப்பு.

உட்கார்ந்த இடத்துக்குத் தகுந்தபடி நிறம் மாற்றி ஊரை ஏமாற்றும் பிராணி என்று பச்சோந்தியைப் பற்றி ஒரு கதை கட்டி வைத்திருக்கிறோம். உண்மையில் அது நிறம் மாறுவது பெரும்பாலும் வெயிலுக்கும் குளிருக்கும், பயத்துக்கும் கோபத்துக்கும், இன்னொரு பச்சோந்தி எதிரே வரும்போதும்தான். உள்ளே இருப்பதை உடம்பிலேயே எழுதிக் காட்டிவிடும் ஜீவன் அது. நகரத்துத் தோட்டத்தில் நீங்கள் பார்ப்பதோ பெரும்பாலும் பச்சோந்தியே கிடையாது, ஓணான். இணை தேடும் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும். அதைப் பார்த்துவிட்டு ரத்தம் உறிஞ்சுகிறது என்று கல்லெடுத்தவர்கள் எத்தனை பேர்! பச்சோந்தியும் சரி, ஓணானும் சரி, பூச்சி தின்று பிழைப்பவை. கூலி கேட்காமல் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களைத் திட்டுவது எந்த ஊர் வழக்கம்?

கட்சித் தாவலுக்கு உவமை வேண்டுமென்றால் உங்கள் காராமணிக் கொடியிலேயே இருக்கிறது. கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக, மினுமினுப்பாக, எள்ளைக் கொட்டி ஒட்டவைத்தது போலக் கூட்டம் கூட்டமாக அசுவினி. நம் ஊர் வெப்பத்தில் அநேகமாக எல்லாமே பெண்கள். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். கொடியில் சாறு பெருகி ஓடும் வரை பெரும்பாலும் எதற்கும் இறக்கை கிடையாது. கூட்டம் பெருத்து ஒன்றை ஒன்று இடிக்கத் தொடங்கினாலோ, கொழுந்து முற்றிச் சாறு குறைந்தாலோ, அதே தாய்கள் இறக்கையுள்ள குட்டிகளைப் போட ஆரம்பிக்கும். கொடி வாடுவதற்குள் அவை அடுத்த வீட்டு அவரைக்குப் பறந்திருக்கும். இனிமேல் தாவுகிறவர்களை 'அசுவினி' என்று சொல்லுங்கள், பொருத்தமாக இருக்கும்.

இந்த இறக்கையை வெட்டத்தான் நம் நாட்டில் சட்டமே போட்டார்கள். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொல்லே அவரால் வந்தது. 1985இல் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம் கட்சித் தாவல் தடையைக் கொண்டுவந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து பிரிந்தால் பதவி போகாது என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. தனியாகப் போனால் தாவல், கூட்டமாகப் போனால் பிளவு! 2003இல் 91ஆவது திருத்தம் அந்த ஜன்னலை மூடியது. மூன்றில் இரண்டு பங்கினர் இணைப்பு என்று போகும் கதவு இன்னமும் திறந்தே கிடக்கிறது. அதையும் மூட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இத்தனையும் ஓட்டு வாங்கிப் பதவியில் உட்கார்ந்தவருக்கு. ஓட்டுப் போடுகிறவருக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. உங்கள் நண்பர் போன தடவை ஒருவரை நம்பினார், இந்தத் தடவை வேறு ஒருவரை நம்புகிறார். அப்படி நாலு பேர் மனம் மாறுவதால்தான் ஆட்சி மாறுகிறது. அவரைக் கூப்பிட்டு முதல் காபியை அவர் கையில் கொடுங்கள்.

இனி செடிக்கு வருவோம். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு ஆள் அங்கே உண்டு: எறும்பு. மாவுப்பூச்சியும் அசுவினியும் உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைக் கழிவாக வெளியேற்றும். எறும்பு அதைக் குடிக்கும்; பதிலுக்கு, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டிக் காவல் காக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. இந்தக் கூட்டணியை உடைக்காமல் எதைத் தெளித்தாலும் பாதிப் பலன்தான்.

தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தண்ணீரில் நாலு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். இல்லையென்றால் எறும்பை நிறுத்தி டெங்கு கொசுவை வளர்ப்பீர்கள். வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். ஒரே ஒரு இலை சுவரைத் தொட்டாலும் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும், அதை வெட்டுங்கள். செம்பருத்தி கனத்த தண்டாக இருந்தால் தண்டைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் வாசலின் தடவலாம். பட்டையில் நேராகத் தடவாதீர்கள்.

அடுத்து, மாவு மண்டிய நுனிகளை நறுக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மீதியைக் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சியின் மேலிருப்பது மெழுகு. அது கலையாமல் மருந்து உடம்பில் ஒட்டாது. அசுவினிக்குப் பல சமயம் இந்தத் தண்ணீரே போதும். கீழே விழுந்ததில் பெரும்பாலானவை திரும்பி ஏறி வராது.

வேப்பெண்ணெய் மாலை ஐந்து மணிக்குப் பிறகு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் அடித்துக் கலக்குங்கள். பிறகு அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பால் போல வெளுக்கும்வரை குலுக்கி, அதன் பின் மீதி நீரை ஊற்றுங்கள். 'வேப்பெண்ணெய் கேட்கவில்லை, இலை கருகிவிட்டது' என்று வருகிற கடிதங்களுக்கெல்லாம் காரணம் இந்த ஒரு படியைத் தாண்டுவதுதான். கலக்காத எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பானின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சும். முதல் பத்துச் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்குப் பச்சை எண்ணெய்! இரண்டு இலையில் தெளித்து, மறுநாள் பார்த்துவிட்டுப் பிறகு முழுச் செடிக்கும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பஞ்சுப் பைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி முட்டைக்கு எதுவும் ஆகாது. அதனால் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

பூச்சிக்குப் புகையிலைக் கரைசல் தெளிக்கலாமா என்று இந்தப் பக்கத்தில் நடக்கும் பழைய சண்டையை மறுபடி தொடங்குகிறேன். வேண்டவே வேண்டாம். இயற்கையில் கிடைப்பதாலேயே நிகோட்டின் சாது ஆகிவிடாது. தோல் வழியாக உடம்பில் இறங்கும், பொறிவண்டையும் சேர்த்துக் கொல்லும். போதாக்குறைக்கு, காய்ந்த புகையிலையிலும் பிழைத்திருக்கும் தேமல் நோய் வைரஸ் உங்கள் தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒட்டிக்கொள்ளும்.

தெளிக்குமுன் யார் எதிரி, யார் நண்பர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு பொறிவண்டு உண்டு. அதன் புழு அச்சு அசலாக மாவுப்பூச்சி போலவே வெள்ளை வேஷம் கட்டியிருக்கும். ஆனால் மாவுப்பூச்சியைவிடப் பெரிது, மெழுகு இழைகள் நீளம். குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி மெதுவாக நகரும், இது விறுவிறுவென ஓடும். அதை நசுக்கினால் உங்கள் ஆளையே நசுக்கியதாக ஆகும். அசுவினிக் கூட்டத்தில் உப்பிப் பழுப்பேறி, காகிதம் போல் காய்ந்து கிடப்பவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது, அந்த இலையைக் கிள்ளாதீர்கள்.

இந்தக் குளவிகளைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளைக் கலங்கடித்தது. மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வரவழைத்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கித் தோட்டங்களில் விட்ட பிறகுதான் அடங்கியது.

அந்தச் சர்க்கரைக் கழிவில் வளரும் கரும்பூசணம் இலையில் படிந்திருந்தால் 50 கிராம் மைதாவைக் கால் லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஒரு லிட்டராக்கி, வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் பூசணத்தோடு உரிந்து விழும். மீன் அமிலத்தையும் யூரியாவையும் ஒரு மாதம் நிறுத்துங்கள். அவை தரும் இளங்கொழுந்து அசுவினிக்கு விருந்து. மூன்று முறை தெளித்தும் மாவுப்பூச்சி திரும்பி வந்தால் இலையைப் பார்த்தது போதும், தொட்டியைச் சாய்த்து அடித்துளையையும் விளிம்பின் உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். தொட்டியைத் தூக்க ரெண்டு பேராவது வேண்டும், அந்த நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.