அறுநூறு பேர் வாழும் ஊருக்கு எதற்குத் தனிச் சின்னம்?

கேள்வி: ஜெர்மனியில் சின்னஞ்சிறு கிராமங்களுக்குக்கூடத் தனிக் கொடியும் கேடயச் சின்னமும் இருக்கின்றனவே, அவையெல்லாம் ராஜா காலத்திலிருந்து வருபவையா? அவற்றில் வரைந்திருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

ஒன்பது வருடங்களாக ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். மோசல் ஆற்றுக்கும் நாஹே ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் மேட்டு நிலம். ஊரில் அறுநூறு பேர்கூடக் கிடையாது. கடை இல்லை, பேருந்து பள்ளி நேரத்துக்கு மட்டும் வரும். ஆனால் ஊருக்கென்று ஒரு கேடயச் சின்னம் உண்டு. மேல் பாதியில் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம், கீழ்ப் பாதியில் பச்சையின் மேல் ஒரு வெள்ளை நெளிபட்டை. ஊராட்சிக் கடிதத்தின் தலைப்பில், தீயணைப்பு வண்டியின் கதவில், ஊர் எல்லையில் நிற்கும் வரவேற்புப் பலகையில் என்று எங்கும் அதுதான். வந்த புதிதில், யாரோ ஒரு பிரபு குடும்பம் இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் வீட்டு உரிமையாளரிடம், "இது எத்தனை நூற்றாண்டுப் பழசு?" என்று கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். "என் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் வந்தது" என்றார்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் அதுதான். நகரங்களின் சின்னங்கள் நிஜமாகவே பழையவை. 13ஆம் நூற்றாண்டு முதல் நகர முத்திரைகளில் அவற்றைப் பார்க்கலாம். கிராமங்களுடைய கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில், அதிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை. இது தெரிந்ததும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நேர்மாறாக, அன்றைக்குத்தான் ஆர்வமே பிறந்தது. பிரபு கொடுத்த சின்னத்தில் பிரபுவின் பெருமைதான் இருக்கும். ஊர்க்காரர்கள் தாங்களே கூடி உட்கார்ந்து, "நாம் யார்?" என்று பேசி முடிவு செய்த சின்னத்தில் அந்த ஊரே இருக்கிறது.

ஏன் திடீரென்று இத்தனை ஊர்களுக்குச் சின்னம் தேவைப்பட்டது? ஒரு காரணம் வெறும் அலுவலகக் காரணம். சொந்தச் சின்னம் உள்ள ஊராட்சி தன் அலுவல் முத்திரையில் அதைப் பொறிக்கலாம். இல்லாத ஊர் பொதுவாக மாநிலச் சின்னத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஊராட்சி தரும் சான்றுகளில் பக்கத்து ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரே முத்திரை என்றால் யாருக்குப் பிடிக்கும்?

இன்னொரு காரணம் கொஞ்சம் வலி உள்ளது. 1960களின் இறுதியிலும் 70களிலும் மேற்கு ஜெர்மனி முழுக்க ஊராட்சிகளை இணைக்கும் சீர்திருத்தம் நடந்தது. பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 3,379 ஊராட்சிகள் இருந்தன. 1975இல் மிஞ்சியவை 1,111. பவேரியாவில் சுமார் 7,000 இருந்தது ஏறத்தாழ 2,050 ஆனது. நேற்றுவரை தனக்கென்று மன்றமும் தலைவரும் வைத்திருந்த ஊர், மறுநாள் இன்னொரு ஊரின் ஒரு பகுதி. அப்படிச் சேர்ந்த புது ஊராட்சிகளின் சின்னங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இந்த ஊரின் ஏர்க்கொழு, அந்த ஊரின் ஆலைச் சக்கரம், மூன்றாவது ஊரின் புனிதர் என்று ஒரே கேடயத்தில் எல்லோருக்கும் இடம் கொடுத்திருப்பார்கள். கரைந்துபோன ஊர்களின் பழைய சின்னங்கள் அலுவல் மதிப்பை இழந்தன. ஆனாலும் தீயணைப்புப் படையின் சட்டையிலும், பாட்டுக் குழுவின் கொடியிலும், பவேரியாவில் மே மாதம் நடும் உயர்ந்த கம்பத்திலும் இன்றைக்கும் அவை தொங்குகின்றன.

நான் இருக்கும் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலம் வேறு வழியில் போனது. சிறு ஊர்களைக் கரைக்காமல், பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு பொது நிர்வாக அலுவலகம் வைத்துக்கொண்டார்கள். அதனால் நாற்பது லட்சம் பேர் வாழும் இந்த மாநிலத்தில் இன்றும் சுமார் 2,300 ஊராட்சிகள். சின்னம் பார்த்து அலைபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

சரி, எப்படி வாசிப்பது?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். சிவப்பு வெள்ளைக் கட்டம் ஸ்போன்ஹைம் பிரபுக்களுடையது. அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது மோசல் பக்கத்துக் கிளை சிவப்பு வெள்ளையையும், கிரொய்ட்ஸ்நாக் பக்கத்துக் கிளை நீலம் பொன்னையும் வைத்துக்கொண்டன. 1437இல் ஆண் வாரிசில்லாமல் வம்சம் முடிந்தது. 1794இல் பிரெஞ்சுப் படை ரைன் ஆற்றின் இடது கரையைப் பிடித்ததோடு பழைய ஆட்சிப் பிரிவுகளும் போயின. ஆனால் நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு, சின்னம் வேண்டும் என்று உட்கார்ந்த கிராமங்கள் ஒவ்வொன்றாக அந்தக் கட்டத்தைத் தூசி தட்டி எடுத்தன. இன்றைக்கு ஹுன்ஸ்ரூக்கில் சைக்கிளில் போனால், வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் எல்லை ஊர்ப் பலகைகளிலேயே தெரியும். கட்டம் வந்துகொண்டே இருக்கும்; திடீரென்று ஓர் ஊரில் வெள்ளைமேல் சிவப்புச் சிலுவை. அது ட்ரியர் பேராயரின் ஆட்சியில் இருந்த ஊர். இன்னும் வடக்கே கொலோன் பேராயரின் கறுப்புச் சிலுவை. கட்டம் உள்ள ஊர்களில் பெரும்பாலும் சீர்திருத்தச் சபைக் கோயில், சிவப்புச் சிலுவை உள்ள ஊர்களில் கத்தோலிக்கக் கோயில். 16ஆம் நூற்றாண்டில் ஊரை ஆண்டவர் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ குடிகளும் அந்தப் பக்கம் சாய வேண்டியிருந்ததுதான் காரணம்.

இதுபோல மைன்ட்ஸ் பேராயருக்கு ஆறு ஆரம் உள்ள சக்கரம். மைன்ட்ஸிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் எர்ஃபுர்ட்டிலும் அது இருக்கிறது, வடக்கு ஹெஸ்ஸனின் ஃப்ரிட்ஸ்லாரிலும் இருக்கிறது. பேராயர் வில்லிகிஸ் வண்டி செய்யும் தச்சரின் மகன், வந்த வழியை மறக்கக் கூடாதென்று சக்கரத்தை வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் ஊர் ஊராகச் சொல்கிறார்கள்.

ஊரை ஆண்டவர்களின் அடையாளத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் எளிது. நெளிபட்டை என்றால் ஆறு அல்லது ஓடை. அடியில் மூன்று மேடாக வரைந்திருந்தால் மலை. திராட்சை, கோதுமைக் கதிர், சுரங்கத் தொழிலாளியின் குறுக்குச் சுத்தியல்கள் எல்லாம் பிழைப்பு. கம்பி கம்பியாக அடுப்பில் வைக்கும் வாட்டுச் சட்டம் மாதிரி ஒன்று தெரிந்தால் உணவகம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊர்க் கோயில் புனித லாரன்ஸுக்கு உரியது, அவரை அதில் வைத்துச் சுட்டுக் கொன்றதாக மரபு. சாவி பேதுருவுக்கு, சிப்பி யாக்கோபுக்கு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கேடயத்தின் இடம் வலம், அதைக் கையில் பிடித்திருப்பவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படும். வர்ணனையில் "வலம்" என்று படித்தால் உங்களுக்கு அது இடது கைப் பக்கம். இது தெரியாமல் முதல் ஆறு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த வகை, பெயரையே படமாக வரைவது. ஜெர்மனில் இவற்றைப் "பேசும் சின்னங்கள்" என்பார்கள். பெர்லினின் கரடியும் மூனிக்கின் துறவியும் எல்லோருக்கும் தெரியும். ஸ்வாபியப் பீடபூமியில் வீஸன்ஷ்டைக் என்று சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் சின்னத்தில் யானை! பனி பெய்யும் அந்த மலைக்கு யானை எப்படி வந்தது? அந்தப் பகுதியை ஆண்டவர்கள் ஹெல்ஃபன்ஷ்டைன் பிரபுக்கள். இடைக்கால ஜெர்மனில் யானைக்கு "ஹெல்ஃபண்ட்" என்று பெயர். பெயரின் ஒலியைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கேடயத்தில் வெள்ளி யானையை நிறுத்திவிட்டார்கள். 1627இல் அந்தக் குடும்பம் அற்றுப்போனது. "ஹெல்ஃபண்ட்" என்ற சொல்லும் வழக்கொழிந்தது. யானை மட்டும் நிற்கிறது. அந்த ஊருக்குப் போனபோது அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை, கூட வந்த ஜெர்மன் நண்பருக்கு விளக்க முடியவில்லை.

எல்லாமே இப்படி மகிழ்ச்சியானவை இல்லை. மேல் பவேரியாவில் மிட்டன்வால்ட், உன்டர்ஃபோரிங் போன்ற ஊர்களின் சின்னத்தில் கிரீடம் வைத்த ஒரு கறுப்பு மனிதரின் தலை இருக்கும். 1803 வரை ஃப்ரைசிங் ஆயர்களின் ஆட்சியில் இருந்த ஊர்கள் அவை; அந்தத் தலை ஆயர்களின் அடையாளம். ஃப்ரைசிங்கை உள்ளடக்கிய மறைமாவட்டத்துக்கு ஒருகாலத்தில் பேராயராக இருந்த போப் பதினாறாம் பெனடிக்டின் சின்னத்திலும் அதைப் பார்த்திருப்பீர்கள். முதன்முதலில் பார்த்தபோது, கறுத்த நிறமுள்ள எனக்கு முகம் சுருங்கியது. தடித்த உதடும் காதில் வளையமுமாக, கேலிப்படம் போல வரைந்திருந்தார்கள்.

அதே பவேரியாவின் வடக்கே கோபுர்க் நகரத்தின் கதையைப் பிறகு படித்தேன். அங்கே கறுப்புத் தலை புனித மௌரீஸுடையது. ரோமப் படையில் இருந்து வேதத்துக்காக உயிர் விட்டவர் என்று போற்றப்படுபவர், அந்த ஊரின் காவல் புனிதர். 1934இல் நாஜிகள் அந்தத் தலையை எடுத்துவிட்டு, பிடியில் ஸ்வஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். ஒரு கறுப்பு மனிதர் தங்கள் ஊரின் அடையாளமாக இருப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. போர் முடிந்த 1945இலேயே மௌரீஸ் திரும்பி வந்தார். 2020இல் அவரை நீக்கச் சொல்லி ஒரு மனு வந்தது. வைத்திருக்கச் சொல்லி எதிர் மனுவும் வந்தது. என் கருத்தைக் கேட்டால்: புனிதரை எடுக்கக் கூடாது, அவரை வரையும் விதத்தை மாற்ற வேண்டும். மாக்டபுர்க் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய மௌரீஸ் சிலை இருக்கிறது. கவசம் அணிந்த, கம்பீரமான ஆப்பிரிக்க முகம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய சிற்பிக்குக் கை வந்த மரியாதை இன்றைய ஓவியருக்கும் வரும்.

விதிகளைப் பற்றிக் கொஞ்சம். பொன்னும் வெள்ளியும் உலோகம்; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை நிறம். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வரக் கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்பதற்காக. எழுத்து கூடாது, இயற்கைக் காட்சி கூடாது. வண்ணம் இல்லாத கல்லிலும் அச்சிலும்கூட நிறத்தைச் சொல்ல வழி உண்டு: செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. பெட்ரா சாங்க்டா என்ற இயேசு சபைத் துறவி 1638இல் பரப்பிய முறை. பழைய கட்டடங்களின் வாசல் கல்லில் கோடுகளைப் பார்த்து நிறம் சொல்லிப் பழகுங்கள். அது ஒரு தனி இன்பம்.

கொடி இந்தக் கேடயத்தின் குழந்தை. கேடயத்தின் இரண்டு முக்கிய நிறங்களைப் பட்டைகளாக்கி, நடுவிலோ சற்று மேலேயோ சின்னத்தை வைப்பார்கள். மரபுப்படி உருவத்தின் நிறம் முதலில், பின்னணியின் நிறம் அடுத்து. வெள்ளைமேல் கறுப்புக் கழுகு வைத்த பிரஷ்யாவின் கொடி கறுப்பு வெள்ளை ஆனது அப்படித்தான். சிவப்பு வெள்ளைக் கொடி நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இருப்பதால் சின்னம் இல்லாமல் ஊரை அடையாளம் சொல்ல முடியாது. நீளவாக்கில் செங்குத்தாகத் தொங்கவிடும் வடிவம்தான் இங்கே அதிகம். காற்று இல்லாத நாளிலும் சின்னம் தெரியும்.

புதிதாகச் சின்னம் வேண்டுமானால் ஊர்மன்றம் தீர்மானம் போட வேண்டும், பல மாநிலங்களில் ஆவணக்காப்பகத்தின் கருத்தும் மேல் அதிகாரத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும். எங்கள் ஊரின் அந்தக் காலக் கோப்பை வீட்டு உரிமையாளர் ஒரு குளிர்கால மாலையில் காட்டினார். அப்போது அவர் மன்ற உறுப்பினர். முதல் வரைவில் கோயில், ஓக் மரம், உழவு வண்டி, ஓடை, ஊர்ப் பெயர் எல்லாமே இருந்தன. குறைத்து எழுதுங்கள் என்று ஆவணக்காப்பகத்திலிருந்து கடிதம். இரண்டாம் வரைவில் உழவு வண்டியும் பெயரும் போயின. மூன்றாவதில் கோயில் போனது, மரமும் போனது. ஓக் மரத்தை விட மனமில்லாமல் ஒரு உறுப்பினர் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டாராம். கடைசியில் மிஞ்சியவை பழைய பிரபுக்களின் கட்டமும் ஊரின் ஓடையும். பச்சை நிறம் மட்டும் அந்த மரத்துக்காக வைத்தது என்றார். சின்னத்தின் அதிகாரபூர்வ விளக்கத்தில் அது "காடுகள்" என்றுதான் இருக்கிறது.

நீங்கள் எங்காவது இந்தச் சின்னங்களைப் பயன்படுத்த நினைத்தால் ஒரு எச்சரிக்கை: அலுவல் படைப்பு என்பதால் பதிப்புரிமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஊரின் பெயரைப் போலவே சின்னமும் ஊருக்கே உரியது. சட்டையிலோ கோப்பையிலோ அச்சடிக்க ஊராட்சியின் அனுமதி வேண்டும். பவேரியாவின் ஊராட்சிச் சட்டம் நான்காம் பிரிவிலேயே இதைச் சொல்கிறது. படித்துப் பார்க்க மட்டும் என்றால், பவேரிய வரலாற்று இல்லமும் ஷ்லேஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலமும் தங்கள் ஊர்ச் சின்னங்களையெல்லாம் விளக்கத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. ஷ்லேஸ்விக்-ஹோல்ஷ்டைன் தொகுப்பில் கொடிகளும் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள்.