பிடித்த வானொலி நிலையம் பாணியை மாற்றிக்கொண்டால் அப்படி என்ன நஷ்டம்? பாட்டெல்லாம்தான் கைபேசியிலேயே கிடைக்கிறதே?

பாட்டு கிடைக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பறிபோனது கடை அடைக்கும் நேரம்.

அப்பா பெரம்பூரில் தையல் கடை வைத்திருந்தார். இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேசை, காஜா எடுக்க ஒரு பையன், சுவர்ப் பலகையில் ஒரு பழைய ரேடியோ. சென்னையில் 2003 முதல் தனியார் பண்பலைகள் ஒவ்வொன்றாக வந்தன அல்லவா, அவற்றில் ஒன்றை அப்பா பிடித்துக்கொண்டார். பெயர் வேண்டாம். இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை அதில் அறுபது, எழுபதுகளின் பாட்டுகள். தொகுப்பாளர் படத்தையும் பாடியவரையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். முகம் பார்த்திராத அந்த ஆளை அப்பா "மரியாதை தெரிந்த பிள்ளை" என்பார்.

கடையில் கடிகாரம் ஒன்று தொங்கியது, ஓடாது. பேட்டரி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. முதல் பாட்டு வந்தால் அப்பா கத்தரிக்கோலை வைத்துவிட்டு மெஷினில் உட்காருவார். விளம்பரங்கள் சேர்ந்தாற்போல் வரும்போது டீ. கடைசிப் பாட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு புல்லாங்குழல் இசை போடுவார்கள். அதைக் கேட்டதும் பையன் எழுந்துபோய் ஷட்டர் கம்பியை எடுப்பான். ரேடியோவின் முள் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று அம்மா அந்த நிலையம் கிடைக்கும் இடத்தில் கண்ணாடிமேல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்.

ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். திங்கட்கிழமை இரவு ஒன்பதுக்கு யாரோ இருவர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். போட்டி, பரிசு, அந்த வாரம் வெளியான பாட்டு. அப்பா எழுந்து ரேடியோவுக்கு அருகில் குனிந்து பார்த்தார். முள் பொட்டின் மேல்தான் இருந்தது. "அந்தப் பிள்ளை லீவு போலிருக்கிறது" என்று உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விடைபெறுகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. வெள்ளி இரவு ஒரு மணி ஆகியும் அப்பா வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் ரேடியோவை அணைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். மணி என்னவென்றே தெரியவில்லையாம். மறுநாள் கடிகாரத்துக்குப் பேட்டரி வந்தது.

ஏன் மாற்றினார்கள்? விளம்பர நேரம் விற்கும் நண்பன் ஒருவன் எனக்கு விளக்கினான். அந்த நிகழ்ச்சிக்குக் கேட்க ஆள் இல்லாமல் போகவில்லை, கேட்டவர்களுக்கு வயதாகிவிட்டது. கைபேசியும் பைக்கும் விற்க வருபவர்கள் இளைஞர்களின் காதைத்தான் விலை பேசுகிறார்கள். நிலையத்துக்கும் நெருக்கடி உண்டு: 2005ஆம் ஆண்டுக் கொள்கைப்படி ஏலத்தில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, பிறகு ஆண்டுதோறும் மொத்த வருவாயில் குறைந்தது 4 சதவீதம். தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லவும் அனுமதி இல்லை. மிஞ்சுவது சினிமாப் பாட்டு. ஆகவே நம் ஊரில் பாணி மாற்றம் என்றால் பெரும்பாலும் எந்தப் பத்தாண்டின் பாட்டு என்பதுதான். எல்லோரும் ஒரே வயதுக்காரர்களைத் துரத்தினால் எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் அதே பாட்டு வராமல் என்ன செய்யும்?

நியூயார்க்கிலும் இதே கதை நடந்தது. 101.1இல் ஒலித்த டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். 1972 முதல் பழைய பாட்டுகளுக்குப் பேர்போன நிலையம். 2005 ஜூன் 3 மாலை, நேயர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், பல காலத்துப் பாட்டுகளைக் கலந்து போடும் 'ஜாக்' என்ற பாணிக்கு மாறியது. புகழ்பெற்ற அறிவிப்பாளர்களை எடுத்துவிட்டு, நடுநடுவே பதிவு செய்த ஒரு குரலை மட்டும் ஓடவிட்டார்கள். அந்த ஊர் மேயர் புளூம்பெர்க்கே திட்டியதாகச் செய்தி வந்தது. நேயர் எண்ணிக்கை சரிந்தது. 2007 ஜூலை 12 அன்று பழைய பாட்டுகள் திரும்பி வந்தன.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அங்கே மேயர் கேட்டார். இங்கே நான்தானே கேட்டேன்" என்றார்.

கைபேசி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் பிடித்த பாட்டுகள் நூற்றைம்பதை நானே தேடிச் சேர்த்துக் கொடுத்தேன். நான்கு நாள் கேட்டார். ஐந்தாம் நாள், "அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு, பிடிக்காத பாட்டு ஒன்றுகூட அதில் இல்லையாம். பிடிக்காத பாட்டு வந்தால்தானே எழுந்துபோய் ஒரு டீ குடிக்க முடியும்?

பிறகு அவரே மத்திய அலைக்கு மாற்றி விவித பாரதியைப் பிடித்தார். அதுவும் ஒரு பாணி மாற்றத்தின் பேரப்பிள்ளைதான். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட, நேயர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள்; அவர்களைத் திரும்ப இழுக்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கினார்கள். போனவர்களைத் தேடி அரசாங்கமே வந்த காலம் அது.

இப்போது கடை இல்லை, ரேடியோ வீட்டில் இருக்கிறது. முள் அந்தச் சிவப்புப் பொட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது.