உரம் விழவில்லை, குழந்தை களைத்துப் போகிறது

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். மகன் 30-வது வாரத்தில் 1.3 கிலோவில் பிறந்தான். 38 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தான். வீட்டுக்கு வந்து 20 நாள் ஆகிறது. இப்போது எடை 2.1 கிலோ. யாராவது தூக்கிக் கொஞ்சினால் விக்கல் வருகிறது. விரல்களை விரித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, முதுகை வில்லாக வளைத்து அலறுகிறான். தானாக அடங்குவதில்லை. உரம் விழுந்திருக்கிறது, தூக்கும்போது உடம்பு சுளுக்கிக்கொண்டது என்கிறார் மாமியார். ஒருவர் ‘மூளைத் தூண்டல் பயிற்சி’ என்று மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். மூளையில் குறை இருக்குமா?

பதில்: முதலில் நாள் கணக்கைச் சரி செய்துகொள்ளுங்கள். பிறந்து 58 நாள் ஆனாலும், வயிற்றிலேயே இருந்திருந்தால் அவனுக்கு இப்போது 38 வாரம்தான். இரண்டு மாதப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு வயது வரை, நிறைமாதமான 40 வாரத்துக்குக் குறைந்த இந்தப் பத்து வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை மட்டும் வைத்து மூளையில் குறை என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை முதலில் மூச்சையும் இதயத் துடிப்பையும் உடல் சூட்டையும் நிலைப்படுத்தப் பழகுகிறது. அப்புறம்தான் கை கால் அசைவு, அப்புறம் தூக்கமும் விழிப்பும். முகம் பார்ப்பதும் சிரிப்பதும் கடைசியில் வருபவை. அடிப்படை வேலைக்கே சக்தி போதாத பிள்ளையிடம் நான்கு பேர் சேர்ந்து பேசி, ஆட்டி, கிலுகிலுப்பையும் காட்டினால் தாங்காது. விக்கலும் முகம் திருப்புவதும் ‘போதும், விடுங்கள்’ என்று அவன் சொல்வது. அதே பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோவான், பாதத்தை எதிலாவது முட்டுக் கொடுப்பான். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் முயற்சி அதுதான். அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள், உறையும் மாட்டாதீர்கள்.

அழும்போது ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடங்கிய கால்களிலும் வைத்து அசைக்காமல் பிடியுங்கள். தாலாட்டு, ஆட்டுதல், முகம் பார்த்துப் பேசுதல் மூன்றில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் விடப் பெரியது நெஞ்சோடு நெஞ்சாகத் தோல் படும்படி அணைத்து வைப்பது, அதாவது கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. எடை குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவும் செய்யலாம், செய்ய வேண்டும். தூங்க வைப்பது மல்லாக்க, சமமான படுக்கையில். தூளியில் தாடை நெஞ்சில் இடிக்கக் குறுகிக் கிடந்தால் மூச்சு தடைபடும்.

உரம் எடுக்க விடவே விடாதீர்கள். கழுத்து நிற்காத, 2.1 கிலோ பிள்ளையைப் புடவையில் போட்டு உருட்டினால் கழுத்தில் அடி படலாம், மூளையில் ரத்தம் கசியலாம். தொண்டையில் சிக்கியதை ஊதி, உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பதும் வேண்டாம். உரை மருந்து, வசம்பு, தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தாய்ப்பாலும், மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து இருந்தால் அதுவும் மட்டும் போதும். மாமியாரிடம் சண்டை போடாமல், “அத்தை, டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டார்” என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

முன்பணம் கேட்பவர் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. மருத்துவமனை வாசலில் டிஸ்சார்ஜ் ஆகும் அம்மாக்களிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, பயத்தை விற்கும் ஆட்கள் பெருகிவிட்டார்கள். குழந்தையைப் பார்க்காமலேயே பேக்கேஜ் சொல்பவர், ‘மூளை டானிக்’ தருபவர், மினுக்கு விளக்கும் வீடியோவும் காட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் வெளியே அனுப்புங்கள். தூண்டல் ஏற்கெனவே அதிகமாகித்தான் இவன் அழுகிறான்! தேவையான பரிசோதனையும் பயிற்சியும் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் இலவசம். தேசிய சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் ஏற்பட்டது. இதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்ல ஏன் எவருக்கும் வாய் வரவில்லை? அம்மாவுக்குப் புரியாத ஆங்கிலத்தில் ஒரு அட்டையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது என்றால், இடைத்தரகர் வராமல் என்ன செய்வார்?

அழும் பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அதிகக் கவலை அழாத பிள்ளையைப் பற்றி. நீங்கள் அமைதிப்படுத்தி அவன் அடங்கினால் நல்லது. யாரும் எதுவும் செய்யாமல் திடீரென்று ‘சமர்த்தாக’ மாறினால் அது சமர்த்து அல்ல. பால் நேரத்துக்கு எழுப்பியும் எழவில்லை, பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) ஊற்றினால் வாயோரம் வழிகிறது, உடம்பு துவண்டு கிடக்கிறது, கை கால் சில்லென்று இருக்கிறது என்றால் கிருமித் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை குறைந்திருக்கலாம். உதடு நீலமானாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும், உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் 36.5-க்குக் கீழே இறங்கிக் கதகதப்பாக அணைத்தும் ஏறாவிட்டாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நல்லாத் தூங்குகிறான், எழுப்பாதே என்று பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. கண் பரிசோதனை பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். ஒரு தடவையோடு முடியாது. குறைமாதப் பிள்ளைக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் வரலாம்; வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேரத்தில் கண்டால் லேசரில் காப்பாற்றலாம்; விழித்திரை பிரிந்தபின் பார்வையை மீட்பது மிகக் கடினம். டிஸ்சார்ஜ் அட்டையில் அந்தத் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையே அட்டையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.